இரு சூரியோதயங் கண்ட பயணம்



இரண்டு ஊர்களுக்கிடையே தூரம் எவ்வளவு என்று வினவினால், மைற்கணக்கில் விடை பகர்வாருமுளர், மணிக்கணக்கில் பகர்வாருமுளர். முன்னையது மாறுவதில்லை. பின்னையதோ மனிதனது ஆற்றலுக்கேற்ப மாறிக்கொண்டே வருவது. இதற்கு நமது தீவின் தென்கரையிலேயே ஒரு சான்று உண்டு.

காலி நகருக்கு அண்மையிலே, கடலையடுத்துக் கிடப்பது கொக்கலை வாவி. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே கடல் விமானங்கள் இறங்கும் தளமாக அது விளங்கிற்று. 1942 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அதனோடு அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்குமிடையே இருந்த வான்வழியும் அறுந்தது. அறுந்த வழியை மீண்டும் இணைப்பது எங்ஙனம்? மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள சுவான் ஆற்றிலிருந்து கொக்கலை வரை, நடுவில் எங்கும் இறங்காது இந்து சமுத்திரத்தைக் கடப்பதென முடிவாயிற்று. தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர்.

1943 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குவான்டாஸ் நிறுவனத்தார் கற்றலீனா என்னும் கடல் விமானங்களைக்கொண்டு இச்சேவையைத் தொடங்கினர். அவ்விமானங்களின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவே. ஆகவே ஒரு பயணத்துக்கு 27 முதல் 33 மணி நேரம் வரை சென்றது. சுமையின் பெரும்பகுதி எரிபொருளே. எஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளும் 69 கிலோகிராம் தபாலும் மட்டுமே செல்லக்கூடியதாயிருந்தது.

தற்காப்புக்கு விமானத்தில் ஆயுதமில்லை. பகைவர் நடமாடும் வான்பரப்பை இருளிலே கடக்கும்படி புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. செய்தி அனுப்பினால் பகைவர் இடமறிவர். ஆதலின் விமானத்தின் வானொலி ஊமையாகவே இருந்தது. பண்டைக் கடலோடிகளைப் போல, விண்மீன்களை அளந்தே வழி கண்டனர். ஒரே பயணத்தில் இருமுறை ஞாயிறு எழக் கண்டமையால், அது இரட்டைச் சூரியோதயப் பயணம் எனப் பெயர் பெற்றது. பயணிகளுக்கு அப்பெயரால் ஒரு சான்றிதழும் வழங்கப்பட்டது.

1944 ஆம் ஆண்டிலே லிபரேட்டர் விமானங்களும் சேவையிற் சேர்ந்து இரத்மலானையில் இறங்கலாயின. பயண நேரம் 17 மணி அளவுக்குக் குறைந்தது. 1945 யூலையில் கற்றலீனாச் சேவை முடிவுற்றது. அதற்குள் அவை 271 முறை சமுத்திரத்தைக் கடந்திருந்தன. ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை.

2018 மார்ச்சில் அதே குவான்டாஸ் நிறுவனம் பேர்த் நகரிலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாச் சேவையொன்றைத் தொடங்கிற்று. தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர்; நேரம் சுமார் 17 மணி. அன்று இலங்கையை எட்டப் போதுமாயிருந்த பொழுதிலே இன்று இலண்டனையே எட்டிவிடலாம்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்று மாணாக்கருக்கு வகுப்பிலே கற்பிக்கிறோம். அக்கணக்கு பிழையன்று. ஆயினும் ஓசையடக்கி இருளிலே ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தோரின் நெஞ்சுரம் அந்த ஈவிலே தோன்றுவதில்லை. அதனைச் சொல்லவே வரலாறு வேண்டியிருக்கிறது.