வெறுமையாயிருந்த நான்கு ஆசனங்கள்
1931ஆம் ஆண்டுப் பகிஷ்கரிப்பும் யாழ்ப்பாணத்து வாக்காளரும்

தேர்தல் வரலாறு என்பது வென்றோர், தோற்றோர் ஆகியோரின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. எவரும் போட்டியிடாத தேர்தலொன்றுக்கு அவ்வரலாற்றில் இடமில்லைப் போலத் தோன்றலாம். ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் அரசியலில் ஆழ்ந்த தடத்தைப் பதித்த தேர்தல் அத்தகையதொன்றே.

1911இல் படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஒரேயோர் ஆசனத்துக்குச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவுசெய்யப்பட்டபோது, வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 3,000 பேரே. 1920களிலும் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவினரே வாக்காளராயிருந்தனர். 1927இல் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு இந்நிலையை அடியோடு மாற்றியது. 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கவும், இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழிக்கவும் அது விதந்துரைத்தது. 1929இல் சட்டநிரூபண சபை இத்திட்டத்தை 19க்கு 17 என்ற வாக்குகளால் ஏற்றபொழுது, சிறுபான்மை இனத்து உறுப்பினருட் பெரும்பாலோர் எதிர்த்தே வாக்களித்தனர்.

ஆனால் யாழ்ப்பாணத்துப் பகிஷ்கரிப்பு இவ்வெதிர்ப்பின் தொடர்ச்சியன்று என்பது நோக்கற்பாலது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரால் 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கப்பெற்றுப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம், இனவாரிப் பிரதிநிதித்துவத்தை வேண்டவில்லை. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்த அவ்வியக்கத்தினர், இலங்கை முழுமைக்கும் பூரண சுயராச்சியம் வேண்டினர். டொனமூர்த் திட்டம் அதனை வழங்கவில்லை என்பதே அவர்தம் குறை. 1931 ஏப்ரலில் கமலாதேவி சட்டோபாத்யாயவின் தலைமையில் நடைபெற்ற அவர்களது மாநாடு தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. மே 4ஆம் நாள் நியமனப் பத்திரங்கள் ஏற்கப்பட்டபோது, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் எவருமே விண்ணப்பிக்கவில்லை. தென்னிலங்கையில் இவ்வழியைப் பின்பற்றுவார் இலர். குடாநாட்டுக்கு வெளியே மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதியிலும் தேர்தல் நடைபெற்றது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அங்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார்.

புதிய அரசாங்க சபையின் அமைப்பை நோக்கின், ஆசனங்கள் வெறுமையாயிருந்தமையின் விளைவு புலனாகும். தெரிவுசெய்யப்பட்ட 50 உறுப்பினரும் நியமன உறுப்பினர் எண்மரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவதும், ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவதும், அத்தலைவர்கள் அமைச்சர்களாவதும் திட்டத்தின் ஏற்பாடு. ஏறத்தாழ எண்மர் கொண்ட ஒரு குழுவில் ஓரிரு வாக்குகளுக்கும் பெறுமதியுண்டு. 1931இல் அமைந்த முதல் அமைச்சர் சபையில் இந்தியத் தமிழரான பெரி சுந்தரமும் முஸ்லிமான மாக்கான் மாக்காரும் இடம்பெற்றனர். இலங்கைத் தமிழர் ஒருவரும் இடம்பெறவில்லை.

1934இல் இடைத்தேர்தல்கள் நடைபெற்று, யாழ்ப்பாணத்தில் அ. மகாதேவாவும், காங்கேசன்துறையில் சு. நடேசனும், பருத்தித்துறையில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும், ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வதுரையும் தெரிவாயினர். எனினும், 1936ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின் பின் அமைந்த அமைச்சர் சபையின் எழுவரும் சிங்களவராயினர். நான்கு ஆசனங்களும் நிரம்பியிருந்தும் இந்நிலை ஏற்பட்டமையால், தமிழரின் பின்னடைவு முழுவதற்கும் பகிஷ்கரிப்பே காரணமென்று கூறுதல் பொருந்தாது. நிர்வாகக் குழு முறையிலேயே பெரும்பான்மையின் மேலாதிக்கத்துக்கு வழியிருந்தது என்பதே உண்மை.

பகிஷ்கரிப்பால் இழந்தோர் யார் என்ற வினாவுக்கு விடை, பதவி நாடியோரை விட்டு வாக்காளரை நோக்கும்போதே கிடைக்கும். சர்வசன வாக்குரிமையால் முதன்முறை உரிமை பெற்றவர்கள் பெண்களும், வறியோரும், ஒடுக்கப்பட்ட சாதியினருமாவர். இராமநாதன் போன்ற பழைய தலைவர்கள் இவ்விரிவை எதிர்த்தனர். வாலிபர் காங்கிரஸாரோ சாதி வேற்றுமையைக் கண்டித்தவர்கள். எனினும், அவர்கள் மேற்கொண்ட வழியினால் குடாநாட்டின் எளிய மக்களுக்குத் தம் முதல் வாக்கை அளிக்கும் வாய்ப்பு மூன்றாண்டுகள் பிற்பட்டது. அவர்தம் பெயரால் எடுக்கப்பட்ட முடிவு அவர்களிடம் வாக்கெடுத்து எடுக்கப்பட்டதன்று.

வாலிபர் காங்கிரஸின் இலட்சியம் இதனாற் சிறுமையுறுவதில்லை. இனபேதமற்ற விடுதலையை அதனளவு துணிவுடன் அன்று கோரியோர் இலங்கையில் மிகச் சிலரே. ஆனால் அது விட்டுச்சென்ற இடம் வெறுமையாயிருக்கவில்லை. 1934இல் சபை புகுந்த பொன்னம்பலம் சமபல பிரதிநிதித்துவக் கோரிக்கையை முன்வைத்தார். 1944இல் தமிழ்க் காங்கிரஸை நிறுவினார். 1947இல் யாழ்ப்பாணத் தொகுதியில் மகாதேவாவைத் தோற்கடித்தார். தேர்தலைத் துறந்த தேசியவாதம், தேர்தலைக் கைக்கொண்ட இனவாரி அரசியலுக்கு வழிவிட்டது. இலட்சியம் எத்துணை உயர்ந்ததாயினும், மக்களிடம் வாக்குக் கேட்டுச் செல்லாத இயக்கம் அவர்களை நெடுங்காலம் தன்னுடன் வைத்திருத்தல் அரிது என்பதே அந்நான்கு ஆசனங்கள் உணர்த்தும் பாடமாகும்.