சவுக்கு கட்டிய வேஷம்

டிசம்பர் வந்துவிட்டால் சென்னையில் சவுக்குக் கிளைக்குத் தனி மவுசு. கொஞ்சம் ஜிகினாத் தாள், உச்சியில் ஒரு நட்சத்திரம்... கிறிஸ்துமஸ் மரம் ரெடி! ஐரோப்பாவில் இந்த இடத்தில் நிற்பது ஃபிர் மரம். நம் நாட்டில் அதைப் பார்க்க இமயமலைக் குளிருக்குப் போகவேண்டும். ராயபுரத்து வெயிலும் உப்புக்காற்றும் அதற்கு ஆகாது.

இரண்டும் எப்போதும் பச்சை. இரண்டுக்கும் ஊசி இலை. அப்படியானால் பங்காளிகளா? கிடையாது. சவுக்கின் ஓர் ஊசியை எடுத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கணுக் கணுவாகக் கழன்று வரும். இலை என்று நீங்கள் நினைத்தது பச்சைக் குச்சி! நிஜ இலைகள் ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் பொடிப் பற்களாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபிர் ஊசி அப்படிக் கழலாது. அது தட்டையான ஒரே இலை. ஃபிர், பூக்காமல் கூம்பு காய்க்கும் இனம். சவுக்கோ பூக்கிற மரம்.

தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா பக்கத்துச் சவுக்கு நம் மணலில் தோப்பு தோப்பாகப் பெருகியது எப்படி? 1856-க்குப் போவோம். ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அதே வருடம், மதராஸ் மாகாணத்துக் காடுகளைப் பாதுகாக்கும் பொறுப்பு ஹியூ கிளெக்ஹார்ன் என்கிற டாக்டரிடம் வந்தது. ரயிலுக்கோ தண்டவாளக் கட்டைக்கும் மரம் வேண்டும், எஞ்சினில் எரிக்கவும் மரம் வேண்டும். காட்டை வெட்டிக்கொண்டே போனால் என்ன மிஞ்சும்? வேறு பயிர் வராத கடற்கரை மணலில், சில வருடங்களிலேயே விறகு தரும் சவுக்குதான் விடையாகக் கிடைத்தது. நகரத்து அடுப்புகளும் விறகுக்குக் காத்திருந்தன. ஸ்ரீஹரிகோட்டா விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறி, எண்ணூர் வழியாகச் சென்னைக்கு வந்தது.

ரயிலுக்கு இப்போது விறகு தேவையில்லை. ஆனால் சவுக்குக்கு இன்னொரு வேலை கொடுத்துவிட்டோம். கடலைத் தடுக்கும் காவல்காரன் வேலை! 2004 சுனாமியில், கடலூர் மாவட்டத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்த சில கிராமங்களில் சேதம் குறைவு. அதைப் பார்த்துக் கரையெல்லாம் சவுக்கு நட்டார்கள்.

வடசென்னையில் சங்கதியே வேறு. கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் தொடங்கிய துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. எத்தனையோ மீனவர் வீடுகள் போயின. மணலே இல்லாத இடத்தில் சவுக்கு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அங்கே கருங்கல்தான் கொட்டினார்கள்.

மணல் மிச்சமிருக்கிற இடத்தில் நடப்போகிறீர்களா? தாராளமாக நடுங்கள். வேரில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக் கொடுத்துவிடும், உரச்செலவு குறைவு. முதல் கோடையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அலைக்கு ரொம்பப் பக்கத்தில் போகாதீர்கள். முன்வரிசை, மணல்மேட்டைக் கட்டிக் காக்கும் ராவணன் மீசைக்கும் அடப்பங்கொடிக்கும் உரியது. ஆமை முட்டையிட வருவதும் அங்கேதான். சவுக்கு பின்வரிசையில் நிற்கட்டும். கடல் எதுவரை ஏறும் என்பதை அந்தக் குப்பத்துப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுக் குழி தோண்டுங்கள்.