மழை வந்தால் அடங்கும் காய்ச்சல்

செனகல் முதல் எத்தியோப்பியா வரை, சகாராவின் தெற்கு விளிம்பை ஒட்டிய நாடுகளில் டிசம்பர் பிறந்தால் தாய்மார்களுக்குக் கிலி பிடிக்கும். ஹர்மட்டான் காற்று புழுதியை வாரி இறைக்கும். தொண்டை வறண்டு புண்ணாகும். குளிருக்கு ஒரே குடிசையில் பலர் நெருக்கியடித்துப் படுப்பார்கள். மெனிங்கோகாக்கஸ் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? எச்சில் துளி வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும். பெரும்பாலோரின் தொண்டையில் சும்மா தங்கிவிட்டுப் போகும் கிருமி, சிலருக்கு மட்டும் ரத்தத்தில் இறங்கி, மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள உறையைத் தாக்கும். இதுவே மெனிஞ்சைட்டிஸ். கடும் காய்ச்சல், தலைவலி. முகவாயை மார்புக்குக் கொண்டுவர முடியாதபடி கழுத்து விறைக்கும். ஒரே நாளில் உயிர் போவதும் உண்டு. பிழைத்தவர்களிலும் பலர் செவித்திறனை இழந்தார்கள்.

முதல் மழை விழுந்ததும் நோய் அடங்கிவிடும். இந்தப் பருவக் கணக்கை வைத்து, 1963இல் பிரெஞ்சு மருத்துவர் லாப்பெசொனி இப்பகுதிக்கு ‘மெனிஞ்சைட்டிஸ் பட்டை’ என்று பெயரிட்டார்.

கிருமி புதிதல்ல. 1887இலேயே வியன்னாவில் வைக்செல்பாம் என்ற ஆய்வாளர் அதை அடையாளம் கண்டிருந்தார். 1970களில் தடுப்பூசியும் வந்தது. ஆனால் அது சில ஆண்டுகளே தாங்கியது. கைக்குழந்தைகளிடம் சரியாக வேலை செய்யவில்லை. தொண்டையில் கிருமி குடியேறுவதையும் தடுக்கவில்லை. கொள்ளைநோய் தலைகாட்டிய பிறகு ஓடிப்போய் ஊசி போடுவதே வழக்கமாக இருந்தது. 1996–97இல் 2,50,000க்கும் அதிகமானோரை நோய் தாக்கியது. 25,000 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றின் அருமையான பகுதி. 2001இல் புதிய தடுப்பூசியை உருவாக்க உலக சுகாதார நிறுவனமும் பாத் என்ற தொண்டு அமைப்பும் கைகோத்தபோது, ஆப்பிரிக்க சுகாதார அதிகாரிகள் ஒரே நிபந்தனை விதித்தார்கள்: ஒரு ஊசி 50 அமெரிக்க சென்ட்டைத் தாண்டக் கூடாது. மருந்து உருவாகும் முன்பே விலை முடிவாகிவிட்டது! அந்த விலைக்குச் செய்துதர முன்வந்தது புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட். கிருமியின் மேலுறைச் சர்க்கரையை டெட்டனஸ் டாக்சாய்டுப் புரதத்துடன் பிணைக்கும் நுட்பம் அமெரிக்க அரசின் ஆய்வகத்திலிருந்து கிடைத்தது. அப்படிப் பிணைத்தால்தான் உடலின் எதிர்ப்புச்சக்தி அதை நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்ளும்.

2010 டிசம்பர் 6 அன்று புர்கினா பாசோவின் தலைநகர் வாகாடுகுவில் இப்படி உருவான மென்ஆஃப்ரிவாக் ஊசியைப் போடும் பணி தொடங்கியது. 1 முதல் 29 வயது வரையிலான ஒரு கோடிக்கும் அதிகமானோருக்குப் பத்தே நாளில் போட்டு முடித்தார்கள்.

குப்பியில் ஒட்டியிருந்த சின்ன வில்லையையும் சொல்ல வேண்டும். வட்டத்துக்குள் வெளிர்நிறச் சதுரம். சூடு பட்டால் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியிலுள்ள மருந்தைப் போடக் கூடாது. 2012இல் 40 டிகிரி வரையிலான வெப்பத்திலும் நான்கு நாள் வைத்திருக்கலாம் என்று அனுமதி கிடைத்ததும், செவிலியர்கள் ஐஸ் பெட்டியைச் சுமக்காமலே தொலைதூரக் கிராமங்களுக்குப் போக முடிந்தது.

2017க்குப் பின் இந்தப் பட்டையில், மென்ஆஃப்ரிவாக் குறிவைத்த ஏ வகை மெனிஞ்சைட்டிஸ் ஒருவருக்கும் உறுதிசெய்யப்படவில்லை. ஆனால் சி வகை தலையெடுத்தது. 2015இல் நைஜரிலும் 2017இல் நைஜீரியாவிலும் பலரைப் பலிகொண்டது. ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் ஆகிய ஐந்து வகைகளையும் தடுக்கும் புதிய ஊசியும் புனேயிலிருந்தே வந்தது. 2024 மார்ச்சில் நைஜீரியா அதை முதன்முதலாகத் தன் மக்களுக்குப் போடத் தொடங்கியது.