18 பிஎஸ்ஐ: ஒரு மவுண்டன் பைக்கும் முத்துக்குளித்துறையும்

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வாக்குமூலம். நான் புதுசா ஒரு மவுண்டன் பைக் வாங்கியிருக்கேன். விலை 68,000 ரூபாய். அம்மாகிட்ட 30,000னு சொல்லியிருக்கேன். அம்மா பாட்காஸ்ட் கேக்க மாட்டாங்க, அந்த தைரியத்துலதான் சொல்றேன்.

உங்கள்ல பாதிப் பேர் உடனே கேப்பீங்க: "தூத்துக்குடியில ஏதுடா மவுண்டன்?" நியாயமான கேள்வி. எங்க ஊர்ல மலை கிடையாது. ஆனா மணல் இருக்கு. கடற்கரை மணல், ஆத்து மணல், அப்புறம் திருச்செந்தூருக்கு மேற்கே ரத்தச் சிவப்புல கிடக்கிற தேரி மணல். மணல்ல வண்டி ஓட்டுறது மலை ஏறுறதை விடக் கஷ்டம். டயர் அப்படியே புதைஞ்சிரும்.

இதுக்கு ஒரு வழி இருக்கு: டயர்ல காத்தைக் குறைக்கணும். காத்து குறைஞ்சா டயர் கொஞ்சம் தட்டையாகும், தரையைத் தொடுற பரப்பு கூடும், எடை பரவும், புதையாது. பல நாள் முயற்சி பண்ணி என் எடைக்கும் என் டயருக்கும் 18 பிஎஸ்ஐ சரியா வருதுன்னு கண்டுபிடிச்சேன். அதைப் பெரிய சாதனையா நினைச்சுட்டு இருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் வாசல்ல வண்டியைத் துடைச்சுட்டு இருக்கேன். எதிர்வீட்டு மாமா வந்தாரு. வயசு அறுபதுக்கு மேல. இருபது வருஷம் சங்கு குளிச்சவர். இடது முட்டி மடங்காது, காலை இழுத்து இழுத்துதான் நடப்பாரு. சின்ன வயசுல இருந்து அவரை அப்படித்தான் பாக்குறேன், ஏன்னு ஒருநாளும் கேட்டதில்ல. டயரைக் கட்டைவிரலால அமுக்கிப் பாத்துட்டுச் சொன்னாரு:

"என்னல, புது வண்டிங்க, காத்தே இல்ல?"

"இல்ல மாமா, வேணும்னேதான் குறைச்சு வெச்சிருக்கேன். மணல்ல போவணும்லா. 18 பிஎஸ்ஐ."

"காத்துக் கணக்குலாம் பாக்குத. நல்லது. நாங்க பாக்கல."

அவ்வளவுதான் சொன்னாரு, உள்ள போயிட்டாரு. அந்த ஒரு வரிதான் இந்த எபிசோட்.

பழைய இரும்புல பிறந்த வண்டி

முதல்ல இந்த வண்டியோட கதையைச் சுருக்கமா பாத்துருவோம். மவுண்டன் பைக்னா புது கியர், புது சஸ்பென்ஷன், காசுக்காரன் விளையாட்டுன்னுதான் நமக்குத் தோணும். ஆனா அது பிறந்தது காயலான் கடைச் சாமான்ல. 1970கள்ல அமெரிக்காவுல கலிஃபோர்னியாவின் மரின் கவுன்ட்டியில சில பசங்க 1930, 40கள்ல வந்த கனமான பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்து, குண்டு டயர் மாட்டி, மலைப் பாதையில உருட்டிவிட்டு இறங்கினாங்க. 1976 அக்டோபர் 21 அன்னைக்கு முதல் போட்டி நடந்துச்சு. அதுக்குப் பேரு 'ரீபேக்'. பின்சக்கர பிரேக் சூடாகி உள்ள இருக்கிற கிரீஸ் மொத்தமும் எரிஞ்சு புகையா போயிரும். ஒவ்வொரு தடவை இறங்கினதுக்கு அப்புறமும் திரும்ப கிரீஸ் அடைக்கணும். அந்த வேலைதான் பேராச்சு.

1977ல ஜோ பிரீஸ் இதுக்குன்னே தனியா ஒரு பிரேம் செஞ்சார். 1981ல ஸ்டம்ப்ஜம்பர் வந்துச்சு, தொழிற்சாலையில மொத்தமா தயாரான முதல் மவுண்டன் பைக். இருக்கிற சாமானை வெச்சு ஓட்டினவங்க விளையாட்டு, அஞ்சே வருஷத்துல சாமான் வாங்குறவங்க விளையாட்டா மாறிடுச்சு. சாட்சி: என் 68,000.

பெடல் மிதிச்சா காலம் பின்னாடி போகும்

நான் வழக்கமா போற பாதை இது. விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்புவேன். உப்பளம் வழியா முள்ளக்காடு, அங்கிருந்து திருச்செந்தூர் ரோடு. (உப்பளக் காத்துக்கு செயின் ரெண்டே நாள்ல துருப்பிடிக்கும். எங்க ஊர்ல பைக் வெச்சிருக்கவன் வாரச் செலவுல செயின் ஆயிலும் ஒண்ணு.)

இந்த ரோட்டுல தெற்கே போகப் போக நீங்க வரலாறுல பின்னாடி போறீங்க. கிளம்புற இடம் தூத்துக்குடி: 1974ல பெரிய துறைமுகமா அறிவிக்கப்பட்டது. கொஞ்ச தூரத்துல பழையகாயல். 13ஆம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோ 'காயல்'னு எழுதின துறைமுகம் இதுதான்னு சொன்னவர் கால்டுவெல். அங்க தோண்டினப்போ சீனப் பீங்கான் ஓடுகள் கிடைச்சதையும் அவர் எழுதியிருக்கார். மெயின் ரோட்டை விட்டு மேற்கே உள்ள திரும்பினா கொற்கை. சங்ககாலப் பாண்டியரோட முத்துத் துறைமுகம். இன்னைக்கு அங்க நின்னா வயல், குளம், வாழைத் தோட்டம்; கடல் சத்தம்கூட கேக்காது. தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கடலை ஆறேழு கிலோமீட்டர் தள்ளிவிட்டுடுச்சு. 1968-69ல தமிழ்நாடு தொல்லியல் துறை அங்க அகழாய்வு செஞ்சது. கிடைச்ச கரித்துண்டோட கார்பன் தேதி கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்குப் போகுது.

தூத்துக்குடி, பழையகாயல், கொற்கை. மூணு துறைமுகம், ஒரே தொழில், ஒரு காலை சவாரி. கடல் விலக விலக, முத்து வியாபாரமும் கூடவே நகர்ந்து வந்திருக்கு.

கல்லும் கயிறும்

இப்போ முத்துக்குளிக்கிறவரோட கியருக்கு வருவோம். ஒரு கல். ஒரு கயிறு. இடுப்புல ஒரு வலைப்பை. அவ்வளவுதான். கல்லுல கால் வெச்சு, மூக்கைப் பிடிச்சுட்டு இறங்கணும். முத்துச் சிப்பி இருக்கிற இடத்துக்குப் 'பார்'னு பேரு. ஆழம் பெரும்பாலும் 10லிருந்து 18 மீட்டர். கீழ போனதும் கல்லை மேல இருக்கிறவர் இழுத்துக்குவார். கையில சிக்குற சிப்பியைப் பையில அள்ளிப் போட்டுட்டு, கயிறை அசைச்சா மேல தூக்குவாங்க. எல்லாம் சுமார் ஒரு நிமிஷத்துக்குள்ள.

இந்த கியர் பல நூற்றாண்டுக்குப் பெருசா மாறல. மாறினது பங்குதான். கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்க நூலான பெரிப்ளஸ், கொற்கையில முத்துக் குளிச்சவங்க தண்டனை பெற்ற குற்றவாளிகள்னு சொல்லுது. மார்க்கோ போலோ காலத்துல ராஜாவுக்குப் பத்துல ஒரு பங்கு. சுறா வராம மந்திரம் போடுறவருக்கு இருபதுல ஒரு பங்கு. 1530கள்ல போர்ச்சுகீசியர், 1658ல டச்சுக்காரர், 1825ல நிரந்தரமா ஆங்கிலேயர்னு கடற்கரை கைமாறிக்கிட்டே வந்துச்சு. ஆங்கிலேயர் கணக்குல, எடுத்த சிப்பியில மூணுல ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிச்சவருக்கு. உயிரைப் பணயம் வெச்சு இறங்கினவருக்கு ஒரு பங்கு, கரையில குடை பிடிச்சு நின்னவருக்கு ரெண்டு!

ஆனா அந்த ஏற்பாட்டுல ஒரு விஷயம் கவனிங்க. முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடக்கல. முன்கூட்டியே பார்களைச் சோதிப்பாங்க, மாதிரிக்குச் சிப்பி எடுத்து மதிப்புப் போடுவாங்க. சிப்பி இளசா இருந்தா, இல்ல அழிஞ்சிருந்தா, சலாபம் கிடையாது. 1830ல ஒண்ணு நடந்துச்சு, அடுத்தது 1860லதான். முப்பது வருஷ இடைவெளி! அரசாங்கத்துக்குக் கடல் மேல பாசம்னு நான் சொல்லல, வருமானக் கணக்குதான். ஆனாலும் மூச்சுக்கு ஒரு எல்லை இருந்துச்சு, சீசனுக்கும் ஒரு எல்லை இருந்துச்சு.

கடைசி சுற்று 1955ல ஆரம்பிச்சு 1961ல முடிஞ்சது. அதுக்கப்புறம் எங்க கடல்ல முத்துச் சலாபம் நடக்கவே இல்ல. 1973ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில சிப்பி வளர்த்து முத்து உண்டாக்கிக் காட்டுச்சு. முத்து திரும்பி வந்துச்சு, முத்துக்குளிப்பு வரல.

பஞ்சர் கடை கம்ப்ரசர்

முத்து போச்சு, சங்கு இருந்துச்சு. மாமா தலைமுறை சங்குக்கு இறங்கினது. இங்கதான் புது கியர் வருது. போன வாரம் மாமாவோட திண்ணையில உக்காந்து முதல் தடவையா கேட்டேன். அவர் சொன்னது: படகுல ஒரு கம்ப்ரசர். பஞ்சர் கடையில டயருக்குக் காத்தடிக்கிற மாதிரியேதான். அதுல இருந்து நீளமா ஒரு டியூப். டியூப் நுனியை வாயில கடிச்சுட்டு இறங்குறது. மூச்சடக்க வேண்டாம். ஒரு நிமிஷம் இருந்த இடத்துல ஒரு மணி நேரம் இருக்கலாம்.

நம்ம இஞ்சினியர் மூளைக்கு இது செம அப்கிரேட். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. கடலுக்குள்ள ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் இன்னொரு மடங்கு காற்றழுத்தம் கூடும், அதாவது 14 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேல. அந்த அழுத்தத்துல சுவாசிக்கிற காத்துல இருக்கிற நைட்ரஜன் ரத்தத்துலயும் தசையிலயும் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு மூச்சுல இறங்கி ஏறுறவருக்கு அது பெருசா சேராது. மணிக்கணக்குல இருந்தவர் சட்டுன்னு மேல வந்தா, சோடா பாட்டில் மூடியைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ள குமிழ் கிளம்பும். மூட்டுல அடைக்கும், தண்டுவடத்துல அடைக்கும். சிலர் படகுலயே செத்துப் போவாங்க. மாமாவுக்கு முட்டியோட போச்சு.

"மேல வரும்போது நின்னு நின்னு வரணும்னு ஒருத்தனும் சொல்லலியே. மூச்சு முட்டுனா ஏறிருவோம் முந்தி. டியூப்ல மூச்சு முட்டாதுல்லா."

இதைக் கேட்டப்போ என் 18 பிஎஸ்ஐ ஞாபகம் வந்துச்சு. அது கடலுக்குள்ள கிட்டத்தட்ட 12 மீட்டர் ஆழத்துல கூடுற அழுத்தம். மாமா தினம் வேலை பார்த்த ஆழம். நான் அந்த நம்பரை ஆப்ல போட்டு, கேஜ்ல அளந்து, யூடியூப்ல நாலு வீடியோ பாத்து முடிவு பண்ணினேன், விழுந்தா முட்டி சிராய்க்கும்ங்கிற பயத்துல. அவருக்கு அதே நம்பரைச் சொல்ல ஆளே இல்ல.

கல்லும் கயிறும் நல்ல பழைய காலம்னு நான் கொண்டாட வரல. அதுலயும் ஆள் செத்திருக்காங்க, மூணுல ரெண்டு பங்கு பறிபோயிருக்கு. நான் சொல்ல வர்றது வேற. பழைய கியர்ல எல்லை கருவிக்குள்ளயே இருந்துச்சு: மூச்சு முடிஞ்சா வேலை முடிஞ்சது. புது கியர் அந்த எல்லையை எடுத்துருது. அப்போ எல்லையை வேற யாராவது போடணும்: பயிற்சி, அளவு, மருத்துவம், சட்டம். கருவி மட்டும் வந்து இதெல்லாம் வரலைன்னா, வித்தியாசத்தை உடம்பு கட்டும். உடம்பு கட்டாததைக் கடல் கட்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள்ல ரெண்டு, சுண்ணாம்புக்குப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே தண்ணிக்குள்ள போயிருச்சு. அதுல ஒண்ணு, விலாங்குசல்லி, எங்க ஊர்ப் பக்கம்தான்.

தேரி

இப்போ என் கதை. திருச்செந்தூர் தாண்டி காயாமொழி, குதிரைமொழித் தேரிப் பக்கம் போனா வேற கிரகத்துக்கு வந்த மாதிரி இருக்கும். இரும்பு ஆக்ஸைடு பூசின சிவப்பு மணல். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற தென்மேற்குப் பருவக்காத்து அள்ளிக் குவிச்ச மேடுகள். பனை, முந்திரி, உடைமரம். உடைமுள்ளுக்கு டியூப்லெஸ் டயரும் தப்பாது. ரீல்ஸ் போட இதை விட நல்ல இடம் கிடையாது, நானும் போட்டிருக்கேன். மேட்டு மேல ஏறிச் சறுக்கி இறங்குற வீடியோ.

அந்த வீடியோவை இப்போ எடுத்துட்டேன். காரணம் இது. இந்தத் தேரி மணலுக்குள்ளதான் கற்கால மனுஷனோட நுண்கற்கருவிகள் கிடைக்குது. சாயர்புரம் உட்பட இந்த வட்டாரத் தேரிகள்ல கிடைச்சதைப் பத்தி சாய்னரும் ஆல்சினும் 1956ல விரிவா எழுதினாங்க. நகத்தளவு சில்லுகள்தான். விவசாயம் வர்றதுக்கு முன்னாடி வேட்டையாடினவங்களோட கியர். மணல் எந்த அடுக்குல இருக்கோ அதை வெச்சுத்தான் அதோட வயசைக் கணக்குப் போடுவாங்க. அடுக்கு கலைஞ்சா, கருவி வெறும் கல்லாயிரும். அந்த மணலைப் பிடிச்சு வெச்சிருக்கிறது மேல வளர்ற செடி. அந்தச் செடி மேலதான் என் 2.25 இஞ்ச் டயர் சறுக்குச்சு.

நான் ஒருத்தன் போனதால தேரி கரைஞ்சிராது. ஆனா வீடியோவுக்குக் கீழ "ப்ரோ, லொகேஷன் ப்ளீஸ்"னு எத்தனை கமெண்ட் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். என் வண்டி மணல்ல எங்க வேணா போகும். எங்க போகக்கூடாதுன்னு அது சொல்லாது. அதை நான்தான் சொல்லிக்கணும். அதனால இனிமே தேரியில தார்ரோடு, ஊர்க்காரங்க போற வண்டிப் பாதை, அவ்வளவுதான். காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்கக்கூடாது, சக்கரமும்தான். நம்ம ரைடிங் குரூப்புலயும் இதைச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேர் லெஃப்ட் ஆயிட்டாங்க. பரவாயில்ல.

போன ஞாயித்துக்கிழமை கொற்கை போயிட்டுத் திரும்பி வந்தப்போ மாமா வாசல்ல உக்காந்திருந்தாரு. அங்க என்னல இருக்குன்னு கேட்டாரு. போன்ல போட்டோ காட்டினேன்: வயல், குளம், வாழை. ரொம்ப நேரம் பாத்துட்டு, "இங்கயா குளிச்சானுவ?"ன்னாரு. ஆமா மாமா, கடல் அங்க வரைக்கும் இருந்துச்சுன்னேன். அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போன்னு சொல்லியிருக்காரு. மவுண்டன் பைக்ல கேரியர் கிடையாது. அப்பாவோட பழைய சைக்கிள் பரண்ல இருக்கு, அதைத்தான் இறக்கிச் சரி பண்ணிட்டு இருக்கேன்.

உங்க ஊர்ல, உங்க வீட்டுல, ஒரு புதுக் கருவி வந்து ஒரு தொழிலோட எல்லையை மாத்தின கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம். அம்மாகிட்ட மட்டும் விலையைச் சொல்லிராதீங்க.