ஜெவோடான் மலைநாட்டுக் கொடுவிலங்கு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலைவாழ் மக்களை அச்சுறுத்தும் கொடுவிலங்கையும் அதனைத் தேடிப் புறப்படும் வீரனையும் பற்றிய கதைகள் பல மொழிகளிலும் வழங்குகின்றன. கதைகளில் விலங்கு மாண்டதும் துன்பம் தீர்ந்துவிடுகிறது. பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஜெவோடான் மலைநாட்டில் 1764 முதல் 1767 வரை நிகழ்ந்தவை அத்துணை எளிதில் முடியவில்லை. அவ்விலங்கைத் தேடியவர்கள் எதனைக் கண்டனர், எதனைக் காணத் தவறினர் என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

அச்சமும் விளக்கமும்

காடும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த இப்பகுதியில் கால்நடைகளை மேய்ப்பது பெரும்பாலும் சிறாரின் பணியாக இருந்தது. 1764 ஜூன் 30ஆம் நாள் பூலே என்னும் 14 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். அடுத்த மூன்றாண்டுகளில் ஏறத்தாழ நூறு பேர் உயிரிழந்தனர். அவருள் பெரும்பாலோர் பெண்களும் சிறாருமே. இது மக்களின் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை என மறைமாவட்ட ஆயர் 1764 டிசம்பர் 31ஆம் நாளிட்ட சுற்றுமடலில் அறிவித்தார். அவிஞோன் நகரச் செய்தித்தாளோ அதனை இயற்கைக்கு மாறான விலங்காகச் சித்திரித்தது.

அரசின் வேட்டை

குதிரைப்படைத் தலைவர் துயாமெலும், அவருக்குப்பின் நார்மண்டி ஓநாய் வேட்டையரும் தோல்வியுற்றனர். 1765இல் மன்னர் பதினைந்தாம் லூயி தம் துப்பாக்கிப் பணியாளர் பிரான்சுவா அந்துவானை அனுப்பினார். அவர் செப்டம்பரில் பெரிய ஓநாய் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். அதன் உடல் வெர்சாய் அரண்மனைக்குக் கொண்டு செல்லப்பட்டது. அரசவையும் சிக்கல் தீர்ந்ததெனக் கருதியது. ஆயின் டிசம்பரிலேயே தாக்குதல்கள் மீண்டும் தொடங்கின. வெற்றி அறிவிக்கப்பட்டுவிட்டமையால், மலைமக்களின் முறையீட்டுக்கு அரசவை செவிசாய்க்கவில்லை. 1767 ஜூன் 19ஆம் நாள், உள்ளூர்ப் பிரபு ஒருவர் நடத்திய வேட்டையில் ஜான் ஷாஸ்தெல் என்னும் குடியானவர் மற்றொரு விலங்கைக் கொன்ற பின்னரே தாக்குதல்கள் ஓய்ந்தன. அவருக்குக் கிடைத்த வெகுமதி 72 லீவர் மட்டுமே. மன்னர் முன்னர் அறிவித்திருந்ததோ 6,000 லீவர்.

முடிவுரை

கொல்லப்பட்டவை ஓநாய்களே என்றும், தாக்கியது ஒரே விலங்கன்று என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எனினும், அரசு தேடியது ஒரேயொரு பேருருவ விலங்கையே. எனவே, ஒன்று வீழ்ந்ததும் தேடலும் முடிவுற்றது. தனித்து மேய்ச்சலுக்குச் செல்லும் சிறாரின் நிலையோ மாறவில்லை. 1765 ஜனவரி 12ஆம் நாள் போர்த்தபே என்னும் சிறுவனும் அவன் தோழர் அறுவரும், நுனியில் இரும்பு அலகு பொருத்திய கோல்களால் அவ்விலங்கை விரட்டியடித்தனர். மன்னர் அவர்களுக்குப் பரிசளித்தார். போர்த்தபேயின் கல்விச் செலவையும் ஏற்றார். அச்சிறுவர் எழுவரும் துணிவுடையோர் என்பதைக் கண்ட அரசு, அவர்கள் கூடி நின்றதனாலேயே உயிர் தப்பினர் என்பதைக் கருத்திற்கொள்ளவில்லை. வறுமை மலைநாட்டுச் சிறாரை மீண்டும் மேய்ச்சல் நிலத்திற்கே அனுப்பியது. ஜெவோடான் வரலாற்றில் நாம் முதன்மையாகக் கருதவேண்டியது இதுவேயாகும்.