சென்னப்பட்டணத்து நாணயங்கள்

கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்துச் சென்னையில் பொன், வெள்ளி, செம்பு ஆகிய மூவகை நாணயங்கள் ஒரே கடைவீதியில் ஒன்றோடொன்று போட்டியிட்டு வழங்கின. கம்பெனிக் கணக்கின்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். இவற்றோடு ஆற்காட்டு ரூபாயும், மெக்சிகோ முதலிய தேசங்களில் அச்சாகிக் கப்பலேறி வந்த ஸ்பானிய வெள்ளி டாலரும் புழங்கின. அந்த டாலர்களின் மீதே 1808ஆம் ஆண்டையொட்டி அரை வராகன் முத்திரை பதிக்கப்பட்டது என்பது, உலக வாணிபம் இத்துறைமுகத்தை எவ்வளவு ஆழமாகத் தொட்டிருந்தது என்பதற்குப் பிரத்தியட்சச் சான்றாகும்.

ஏட்டில் நிலையாக நின்ற விகிதம் கடைவீதியில் நாளுக்கு நாள் மாறியமையால், நாணயத்தை உரைத்தும் நிறுத்தும் பார்த்து வட்டம் பிடித்துக்கொண்டு மாற்றித் தந்த சராப்புகளின் தயவின்றி எந்த வியாபாரமும் நடவாதாயிற்று. செம்புக் காசில் கூலி பெற்ற ஏழை ஜனங்களே இதனால் பெரிதும் நஷ்டமுற்றனர் என்பது வருந்தத்தக்கது.

1818இல் வெள்ளி ரூபாய் சென்னை ராஜதானியின் பிரமாண நாணயமாயிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என விகிதம் வகுக்கப்பட்டது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதிகள் அனைத்துக்கும் ஒரே ரூபாயை விதித்தது. தங்கசாலைத் தெருவுக்குப் பெயரளித்த நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. அவ்வளாகத்தில் பின்னர் அரசாங்க அச்சகம் அமைந்தது.