வேதத்தின் முன்தாள்

பதுளைத் தோட்ட லயமொன்றில் வழிவழியாகக் காக்கப்பெற்று நம்மிடம் வந்த வேதாகமத்தின் முதல் உடையவர் யார் எனத் தேடினோம். அது ஹென்றி பவர் குழுவினரின் திருத்தமாதலின், 1871-க்கு முந்தியதன்று. முன்தாளில் மகள், பேத்தி எனப் பிறப்புக் குறிப்புகள். அவற்றின் தலைப்பில் ஒரு பெண்ணின் பெயர், அருகே அவளது கைநாட்டு. எழுதியவர், 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார் ஒருவராகலாம்.

தோட்டத்துச் செக்ரோல் அவளது உழைப்பு நாட்களையே எண்ணிற்று. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ தந்தையின், அன்றேல் தந்தைவழிப் பாட்டன், பூட்டன் இருவரின் இலங்கைப் பிறப்பையே கேட்டது, தாய்வழி செல்லாதாயிற்று. பல இலட்சம் மக்கள் நாடற்றோராயினர். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் போக, இறுதிவரை எஞ்சியிருந்தோர்க்கு உரிமை 2003-இல்தான் கிட்டியது.

சட்டம் கேளாத அப்பெண்ணின் பெயரை வரலாறேனும் கேட்கட்டும்.